அறுபத்தொரு மணி நேரம்

எர்ணாவூர் மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம்
வண்டியை அணைச்சுப் போட்டு நாலு மணி நேரம் ஆச்சு.
முன்னாடி எத்தனை டிரெய்லர்னு இறங்கி எண்ணினேன்,
நூத்திப்பத்துல விட்டுட்டேன்.
ராத்திரி ஒரு மணி.
அப்போதான் நீ கூப்பிடற.
உன் ஜன்னல்ல இன்னும் வெளிச்சம் இருக்கு ஜெசிந்தா,
யாரோ அணைக்க மறந்த டியூப்லைட் மாதிரி.

ஆன்ட்வெர்ப்.
எனக்கு அது மொதல்ல சீட்டுல படிச்ச பேரு.
சீல் நம்பர் சரிபார்க்கையில கண்ணுல படும்.
பெட்டிக்குள்ள என்னன்னு எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க.
தண்டையார்பேட்டை பேங்க்ல
உன் கடனுக்கு ஜாமீன் போட்டப்ப
மேனேஜர் கேட்டாரு, அது எங்கப்பா இருக்குன்னு.
"நம்ம சரக்கு போற ஊரு சார்"னேன்.

நீ சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கு.
கூரை சரிஞ்ச மாடியறை, நிமிர்ந்தா தலை இடிக்கும்.
சைக்கிள் வாங்கின மூணாம் நாள் திருட்டு.
நம்ம காசிமேட்டுல கூட ஒரு வாரம் தாங்குமேன்னு
சிரிச்சிக்கிட்டே அழுத.
கடையில மீனுக்குத் தலையே இல்ல,
செவுளைப் பார்க்காம எப்படிண்ணா வாங்கறதுன்னு கேட்ட.
ஓட்டல்ல தட்டு கழுவறதை
அம்மாகிட்ட "பார்ட் டைம்"னு மட்டும் சொல்லச் சொன்ன.
சொன்னேன்.
அம்மா கேட்டது உன் கையைப் பத்தி,
வீடியோவுல விரல் ஏன் அப்படி வெளுத்திருக்குன்னு.
குளிரும்மான்னேன்.

அங்க துறைமுகத்துல ஆளே ஏறாத கிரேன்
தானா பெட்டியைத் தூக்கி அடுக்குதாம்.
"அப்போ டீ யாரு குடிப்பா?"ன்னு கேட்டேன்.
நீ சிரிக்கல. படிப்புக் குரல்ல கேட்ட:
அண்ணா, கேட்டுக்குள்ள போக
இன்னிக்கு எத்தனை மணி நேரம் நின்ன?

அப்படித்தான் ஆரம்பிச்சது.
டீசல் பில்லுக்குப் பின்னாடி எழுதினேன்:
பதினாலு. பத்தொன்பது.
ஒன்பது, அன்னிக்கு ஞாயிறு.
இருபத்தேழு.
சங்கதி வரிசை முழுக்கப் பரவிடுச்சு.
மணலி பார்த்தசாரதி கதவைத் தட்டி
என்னோடதையும் போட்டுக்கோன்னான்.
நெல்லூர்க்காரர் ஒருத்தர் தெலுங்குல சொல்லி
விரலை மடக்கி எண்ணிக் காட்டினாரு.
க்ளீனர் பையன் ஒருத்தன்:
"கக்கூஸ் இல்லன்னும் அக்காவை எழுதச் சொல்லு."
அதுக்கு உன் கட்டத்துல இடம் இல்லைன்ன.

போன வாரம் தயங்கித் தயங்கிப் பேசின.
ஒரு எண் மட்டும் ஒத்துப்போகலையாம்.
அறுபத்தொண்ணு.
எழுதும்போது தப்பாயிருக்கும், எடுத்துடுன்னு
புரொபசர் சொல்றாராம்.

தப்பில்ல ஜெசி.
பழைய கணக்கு, நானாதான் சேர்த்தேன்.
அடைமழை, சர்வர் படுத்துடுச்சு, ஒரு கேட் மூடல்.
மூணாவது நாள் கேன் தண்ணி தீர்ந்து
பேட்டரித் தண்ணி பாட்டிலைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.
நீ பிளேன் ஏறினது
அதுல நாப்பதாவது மணி.
ஏர்போர்ட்டுக்கு ஏன் வரலைன்னு
இதுவரைக்கும் நீ கேக்கல,
நானும் சொல்லல.

போன்ல ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல.
டிராம் ஒண்ணு வளைஞ்சு போற சத்தம் மட்டும்.

இப்போ படம் அனுப்பியிருக்க.
கீழே புள்ளிங்க சர்க்கரையில எறும்பா நெருக்கிக்கிட்டு,
மேல, ஓரமா, ஒண்ணே ஒண்ணு.
"எடுக்கலண்ணா"ன்னு எழுதியிருக்க.
விரலால பெரிசாக்கிப் பார்க்கறேன்.
கூட்டத்தை விட்டு அவ்வளவு தள்ளி நிக்கறது
நானா நீயான்னு
டைப் பண்ணி, அழிச்சு,
சாப்டியான்னு அனுப்பறேன்.

முன்னாடி பிரேக் லைட் அணையுது.
ஒரு வண்டி நீளம் நகரலாம்.