எட்டாம் வேற்றுமை

ஆக்ஸ்ஃபாம் கடையில் எண்பது பென்ஸ்.
முதல் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெயர்:
ஹெச். திரெல்ஃபால், மூன்றாம் படிவம்.
அவனுடைய அடிக்கோடுகள்
எட்டாம் பாடத்தின் நடுவில் நின்றுவிட்டன.
அதைத் தாண்டினால் கேக் என்று
நிதுஷா ஒப்பந்தம் எழுதி
ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள்.

லத்தீன் வேண்டுமென்றது அவள்தான்.
கோல்செஸ்டர் கோட்டை மியூசியத்தில்
ஒரு கல்லறைக் கல்லின் முன் கால் மணி நேரம் நின்று
"செத்தவர் என்ன சொல்றார்?" என்றாள்.
தெரியாது என்றேன்.
அந்த ஒரு சொல்லுக்காக
இரவு பதினொன்றுக்கு மேல்
மருந்துக்கடைச் சீருடையைக்கூடக் கழற்றாமல்
பிள்ளைகளைவிட ஒரு பாடம் முன்னால்
ஓடிக்கொண்டிருக்கிறேன்.

கவுன்சிலிலிருந்து வந்த பெண் கேட்டார்:
உங்களுக்கு லத்தீன் தெரியுமா?
எட்டாம் பாடம் வரை.
பிள்ளைகளுக்கு?
ஏழு.
அவர் எதையோ எழுதினார், நீளமாய்.

அகரன் அப்போது மேசைக்கு அடியில்.
பள்ளிக்கூடத்தில் பதினான்கு மாதம்
யாரோடும் கதைக்காத பெடியன்.
வீட்டிலும், மிச்சமிருக்கும் தீக்குச்சிகளை
எண்ணித் தருவதுபோல்தான் சொல் தருவான்.
ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்ட படிவத்தில்
பதிலுக்கு இரண்டு வரி இடம் இருந்தது.

அக்ரிகொலா புயெல்லம் விடெட்.
இங்கிலீஷில் வைத்தால்
வலச் செருப்பை இடக் காலில் போட்டதுபோல் நடந்தது.
தமிழில் வைத்தேன்:
உழவன் சிறுமியைப் பார்க்கிறான்.
போத்தலும் மூடியும்.
வினை கடைசியில் வந்து
கதவைச் சாத்திக்கொண்டது.
நாலு வருடமாய் என்னோடு மல்லுக்கு நின்ற 'ஐ'யையும் 'கு'வையும்
ரோமாபுரிக்காரர் கையால் கொடுத்ததும்
சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டாள் நிதுஷா.
மிஹி என்றால் எனக்கு.
எனக்குப் பசி, எனக்குப் பேனை, எனக்கு ஒரு தம்பி.

இடத்துக்கென்று ஒரு வேற்றுமை இருந்ததாம்.
தேய்ந்து தேய்ந்து
ஊர்ப்பெயர்களுக்கும் சின்னத் தீவுகளுக்கும்
வீட்டுக்கும், இன்னும் ஓரிரண்டு சொல்லுக்கும் மட்டும் மிச்சம்.
டோமி: வீட்டில்.
கமுலோடூனி: இதே ஊரில், இதே மழையில்.
"பிரிட்டன்?"
அது பெரிசு. முன்னால் இன்னொரு சொல் நிற்கவேண்டும்.
"நீங்க பிறந்தது?"
எழுவைதீவு.
"அது சின்னனா?"
சின்னன்தான்.
"அப்ப ஒரு சொல்லே போதும்" என்றாள்.
நான் கோப்பைகளைக் கழுவ எழுந்தேன்.

எட்டாம் பாடம், கூப்பிடுவதற்கு.
தமிழிலும் அது எட்டாவதுதான்.
அமீகுஸ் என்பவனை அழைத்தால் அமீகே.
நண்பன், நண்பனே.
இரண்டு மொழியும் ஒரே எழுத்தில் வாய் திறக்கின்றன என்று
நான் சொல்லி முடிக்குமுன்
மேசைக்கு அடியில் யாரும் இல்லை.

பின்கட்டில்,
வேலிக்கு மேல் எட்டாத தலை.
"ரூஃபே!"
பக்கத்து வீட்டு நாய் ஓடி வந்தது.
நாயின் பின்னால் மொய்ரா,
தோட்டக் கையுறையோடு:
"அவன் பேர் ரூஃபஸ், செல்லம்."

குழாயை மூடினேன்.
தண்ணீர்ச் சத்தம் எனக்கு இடைஞ்சலாக இருந்தது.

"பேர் ரூஃபஸ்தான்" என்றான் என் மகன்,
வேலிக்கு அப்பால் இருந்த ஒரு மனுஷியிடம்,
முழுதாக.
"கூப்பிடேக்க ரூஃபே."

மொய்ரா யோசித்தார்.
"அப்ப நான்?"
"உங்க பேர் என்ன?"
சொன்னார்.
"ஆ-வில முடிஞ்சா மாறாது.
எப்படிக் கூப்பிட்டாலும் மொய்ராதான்."
அவர் முகத்தில் சின்ன ஏமாற்றம்.
ஒரு பூனை வளர்க்கிறேன், அதன் பெயர் டைட்டஸ் என்றார்.
பூனையைப் பற்றி அவர்கள் கதைத்தார்கள்.

ஃபிரிட்ஜைத் திறந்தேன்.
ஒப்பந்தம் காந்தத்தோடு லேசாக ஆடியது.
முட்டை இருக்கிறது. மா இருக்கிறது.
வெண்ணெய் இல்லை.