முப்பத்திரண்டு அலகு

ஆடி மாதம். மக்கெய்சர் மைதானம்.
கச்சான் ஒரு நேர்கோட்டில் முதுகைத் தள்ளி
மறு நேர்கோட்டில் நெஞ்சைப் பிடித்து நிறுத்துகிற பின்னேரம்.
மூன்று மணிக்கூட்டில் என்னுடையது நடுவில் நின்றது:
முப்பது நிமிஷம் இருபத்தொன்பது செக்கன்.
மாகாணச் சாதனை.

சல்லிப் பெடியன் கிரோஜன்
கோட்டைத் தாண்டி விழவில்லை.
குனியக்கூட இல்லை.
யாரோ நீட்டிய தோடம்பழத்தை
நின்றபடி உரித்தான்.
அந்தத் தோடம்பழத்தைத்தான்
நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மின்சார சபையில் மீற்றர் வாசிப்பவன் நான்.
உப்புவெளியிலிருந்து சல்லி வரை
எழுநூற்றுப் பதினெட்டுப் படலை.
நூற்று நாற்பது, நூற்று ஐம்பத்திரண்டு, நூற்று நாற்பத்தேழு என்று
மாதாமாதம் மூச்சுவிடுகிற வீடு
திடீரென்று முப்பத்தெட்டு என்றால்
நாய் குரைப்பதைக் கவனிக்க மாட்டேன்.
கூரையைப் பார்ப்பேன்,
வயர் எங்கே திரும்புகிறதென்று.

இவனுடைய வாசிப்பும் என் கொப்பியில் உண்டு.
முப்பத்துமூன்று பத்து.
முப்பத்திரண்டு நாற்பத்தெட்டு.
முப்பத்திரண்டு நாற்பத்தொன்று.
பிறகு எட்டு மாதம் ஒன்றுமில்லை.
பிறகு இது.
இரவு ஒரு பில்லின் பின்பக்கத்தில் வகுத்தேன்:
சுற்றுக்கு ஐந்து செக்கனுக்கு மேல்,
இருபத்தைந்து சுற்றுக்கும்.

காரணம் இல்லாமல் இல்லை.
நுவரெலியாவில் ஆறு மாதம்;
மெல்லிய காற்றில் இரத்தம் தடிக்குமாம்.
மாமன் ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய சப்பாத்து,
அடியில் ஏதோ தகடு வைத்தது.
தகப்பன் குடியை விட்டதில் வீட்டுக்கு முட்டை வந்தது.
எல்லாம் உண்மை.
எல்லாவற்றுக்கும் கழித்துப் பார்த்தேன்.
ஒரு நிமிஷம் மிச்சம் நிற்கிறது
பஸ் நிலையத்தில் ஆளில்லாத பை மாதிரி.
அப்படிப்பட்ட பையை எவ்வளவு தூரத்தில் நின்று பார்ப்பதென்று
இந்த ஊருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

மீன்வாடியில் ஒருவன் "ஊசி" என்றான்.
"ஊசியில்லை, குளிசை," மற்றவன் திருத்தினான்
கூட நின்று விழுங்கக் கண்டவன் போல.
மருந்துக்கடை பெனடிக்ற் குரலைத் தாழ்த்தி,
"அந்தச் சாமான் குளிரில இருக்கவேணும் தம்பி,
இல்லாட்டிப் பழுதாப்போகும்."
மாகாணப் போட்டிக்குக் கொழும்பிலிருந்து
சோதனைப் போத்தல் வருவதில்லை.
அவன் சுத்தம் என்று சொல்லவும்
ஒரு துளி சாட்சி இல்லை.

போன வருஷம் ஆனந்தபுரியில்
நூற்று அறுபது, இருபத்தொன்றாய் விழுந்தது.
அறிக்கை எழுதினேன். ஜீப் வந்தது.
சனம் வேலிவரை வந்தது.
சீல் உடையவில்லை, வயர் திரும்பவில்லை.
மனுஷி டுபாய்க்குப் போன பிறகு
தேவசகாயம் மாஸ்டர் லைற் போடுவதை விட்டிருந்தார்,
அவ்வளவுதான்.
அதற்குப் பிறகு அவர் அந்த ஒழுங்கையால் நடந்து
நான் காணவில்லை.
அதே மாதம் வேறு மூன்று வீடு எழுதினேன்.
மூன்றும் களவு.

நேற்று விடிய ஐந்தரை, உட்துறைமுக வீதி.
மான் இரண்டு குப்பையில் வாய் வைத்திருந்தன.
கடந்து ஓடியவன் திரும்பி வந்து
என் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றான்.
"அண்ணை, அண்டைக்கு உங்கட மணிக்கூடுதானே?
பிழை விட்டிருப்பியளோ?"
பகிடி இல்லை.
அவனும் எங்கோ ஒரு கடுதாசியில்
வகுத்துப் பார்த்திருக்கிறான்.
"மணிக்கூடு சரி," என்றேன்.
சாதனைப் படிவம் என் பையில்
கையெழுத்தில்லாமல் மடிந்து கிடந்தது.
அதில் கேட்பது நேரம் மட்டும்.

இன்றைக்குச் சல்லி.
அவன் வீட்டு மீற்றர்
வருஷக்கணக்காய் ஐம்பத்தொன்றில் நின்றது,
இந்த முறை எண்பத்துமூன்று.
முப்பத்திரண்டு அலகு கூட.
உள்ளே எங்கோ புதுப் பெட்டியொன்று
மெதுவாக உறுமி அடங்கியது.
முட்டைக்காக இருக்கலாம்.

"வெயிலுக்க வாறியள்," அவன் தாய் படலைக்கு வந்தா.
"குளிரத் தண்ணி தரட்டோ?"

வாங்கிக் குடித்தேன்.
பல் கூசியது.