ஓரத்தில் வேலை நடக்கிறது

முப்பிடாதி, 47, பெண், முக்கூடல்.
குப்பியின் சீட்டில் இவ்வளவுதான்.
ஃபார்மலினுக்குள் எள்ளளவு சதை,
இரண்டு துண்டு.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
ஃபேன் போடாத அறை.
போட்டால் மெழுகு நாடா பறந்துவிடும்.
சீவிச் சீவி
வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுக்
கண்ணாடிச் சில்லில் ஏந்துகிறேன்
அவள் இரைப்பையை.

போன வாரம் வரிசையில் பார்த்தேன்.
ஆட்காட்டி விரலில் நூல் அறுத்த தழும்பு,
முந்தானையில் புகையிலை நெடி.
“வெறும் வயித்துலதான் போடுவேன் சார்.
சோத்துக்கு எந்திரிச்சா நூறு பீடி போயிரும்லா.”
இடுப்புக்கு ஒரு மாத்திரை, மணிக்கட்டுக்கு ஒன்று,
பதினோரு வருசமாய்.

நீலமும் ரோசாவும் ஏறியபின்
குனிந்து பார்த்தால்
கோடையில் மானூர்க் குளம்.
நடுவில் வெடிப்பு, சருகு,
அமிலம் வந்துபோன தடம்.

ஓரத்தில் மட்டும்
(அறிக்கையில் ஓரத்துக்குக் கட்டம் கிடையாது)
செல்கள் தட்டையாய்ப் படுத்து
ஒன்றின் தோளை ஒன்று விடாமல்
காலி இடத்துக்குள் நகர்ந்தபடி.
பெருகக்கூட நேரமில்லை.
முதலில் மூடு,
பிறகு பிள்ளை பெறு.

நகரச் சொல்வது ஒரு பெப்டைடு.
இந்தச் சாயத்தில் அது தெரியாது,
படித்ததை வைத்துச் சொல்கிறேன்:
அறுபது சொச்சம் அமினோ அமிலம்
மூன்று இலையாய் மடிந்து
கந்தக நூலில் கட்டுண்டு கிடக்கும்.
அவிழ்க்க வந்த இரைப்பை அமிலம்
முடிச்சைத் தடவிவிட்டுத் திரும்பிப் போகும்.

இலையை மடக்கு, நூலால் கட்டு.
அவளுக்கும் அதுதான் தொழில்.
ஆயிரத்துக்கு முப்பதைக் கழித்துப்போடும் கடையில்
பாஸ்புத்தகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.
உள்ளே எவளோ ஒருத்தி
கணக்கு எழுதாமல்
ராத்திரியெல்லாம் கட்டுகிறாள்.

அழகு என்று நான் முனகி முடிப்பதற்குள்
முக்கூடலில் ஒரு மிடறு தண்ணீரோடு
அடுத்த மாத்திரை இறங்கியிருக்கும்.
வலியை அமர்த்துகிற அதே கை
சளிப்படலத்துக்குப் பாயும் மடையையும்
அடைத்துவிட்டுப் போகும்.

டாக்டர் பெனிலா எழுதினார்:
நாட்பட்ட புண். புற்று இல்லை.
ஓரத்தைப் பற்றி ஒரு சொல் சேர்க்கலாமா என்றேன்.
“எதுக்கு?” என்றார். பதில் இல்லை என்னிடம்.

செவ்வாய்க்கிழமை வந்தாள்.
“ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்கா?”
“புத்து இல்லம்மா.”
“அப்போ மாத்திரை போடலாம்லா?”
“போடாதிய. ஆறு வாரம் விடுங்க.
அது தன்னால மூடிக்கிட்டு வருது.”
“எது?”

சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவள் விரல்கள்
ஆறு வாரத்தைப் பீடிக்கட்டாய் எண்ணத் தொடங்கியிருந்தன.

தாளை மூன்றாய் மடித்தாள்,
நகத்தால் ஓரம் அழுத்தினாள்,
சுருக்குப்பைக்குள் வைத்து நூலை இழுத்தாள்.

“மூணேகால் வண்டி போயிருக்குமா சார்?”