மேசையின் நீர்மட்டம்

கோயம்புத்தூர் மெக்கானிக்கிடம் போனில் சொன்னேன்:
மேசையில வெள்ளம் ஏறமாட்டேங்கு.
வெள்ளமா! மெஷின் மூழ்கிடுச்சா மேடம்?
இங்கே நாங்கள் குடிப்பதும் வெள்ளம்தான்,
அரிசி களைவதும் வெள்ளம்தான் என்று
சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வேறு போன்.

சரி, நாமே கட்டுவோம் என்றேன்.

ஐந்துக்குப் பத்து அடி மேசை.
பிளாஸ்மா வெட்டும்போது தகட்டின் அடிவயிற்றை
வெள்ளம் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்,
இல்லையென்றால் புகை முழுக்க ஆன்றோவின் நெஞ்சுக்குள்.
வெட்டி விழுந்த வளையத்தைத் தேடும்போது
நாலு இஞ்ச் கீழே போய்விட வேண்டும்.
நாலு இஞ்ச் என்றால் நானூற்று எழுபது லிட்டர்.
கணக்கு பில்புக்கின் பின்பக்கம் இருக்கிறது,
பதினான்காவது தவணைத் தேதிக்குப் பக்கத்தில்.

குளச்சலில் எங்கள் போர் வெள்ளம் கரிக்கும்.
அதை விட்ட ஒரே வாரத்தில்
இரும்புப் பட்டைகளுக்கெல்லாம் அயனிச்சக்கைச் சுளையின் நிறம்.
இடவப்பாதி வரட்டும் என்று
பிவிசி குழாயை நெடுக்கப் பிளந்து
கூரையோரம் தொங்கவிட்டோம்.

குழி. ஐந்நூறு லிட்டர் கறுப்பு டேங்க்.
அரை எச்.பி. மோட்டார்.
வடிகட்ட முதலில் மீன்வலை; கரி முழுக்கத் தாண்டிப் போனது.
பிறகு பாவாடைத் துணி; பத்து நிமிடத்தில் அடைத்தது.
கடைசியில், திருவிழாவில் தொண்டை கிழிந்த
மைக்செட் ஸ்பீக்கரின் காந்தத்தை ஆன்றோ கொண்டுவந்தான்.
பாலித்தீனில் சுற்றி வெள்ளத்தின் வழியில் வைத்தோம்.
சாயங்காலம் அது ஒரு முள்ளம்பன்றி.

முதல் தடவை மட்டம் ஏறியபோது
யாரும் கைதட்டவில்லை.
ஆன்றோ விரலை முக்கி எடுத்து
நனைந்த இடத்தைக் காட்டினான்: இதுவரைக்கும்.

ராத்திரி கரண்ட் போயிற்று. மழை.
காலையில் ஷட்டரைத் தூக்கினால்
ஆன்றோவின் செருப்பு மிதந்து வந்து என் காலைத் தொட்டது.
வெல்டிங் ராடு பெட்டிகள் ஊறி வாய் பிளந்திருந்தன.
மேசை மட்டும் காய்ந்து கிடந்தது.

எல்லா ஜாயிண்டையும் தடவிப் பார்த்தேன். கசிவே இல்லை.
மோட்டார் நின்றதும், முங்கிக் கிடந்த குழாய்வாய்
வந்த வழியே வெள்ளத்தை உறிஞ்சித் திருப்பி அனுப்பியிருக்கிறது.
குழியில் ஏற்கெனவே மழை.
கேனிலிருந்து டீசல் உறிஞ்சுகிற வித்தைதான்,
எந்த வள்ளக்காரனுக்கும் தெரியும்.
எனக்குத்தான் தோன்றவில்லை.

திரும்ப விடாத வால்வு அறுநூற்று ஐம்பது
என்றான் நாகர்கோவில் கடைக்காரன்.
ஆன்றோ டிரில்லை எடுத்தான்.
குழாய் வளைகிற உச்சியில் மூன்று மில்லி ஓட்டை.
அவ்வளவுதான்.

இப்போது மோட்டார் நிற்கும்போதெல்லாம்
அந்த ஓட்டை ஒருமுறை மூச்சிழுக்கும், விக்கல் மாதிரி.
மட்டம் அங்கேயே நின்றுவிடும்.
இறக்க அடியில் தனி வால்வு.
அது நான் திறந்தால் மட்டும்.

பிலவேந்திரன் அலுமினியத் தகட்டோடு வந்தார்.
வேண்டாம் என்றேன்.
அந்தக் கரி வெள்ளத்துக்குள் கிடந்து இரவெல்லாம் வாயு விடும்,
காலையில் முதல் பொறிக்குக் காத்திருக்கும்.
அவருக்குக் கோபம்.
ஆன்றோவின் புருவத்தைப் பாருங்கள் என்றேன்,
பாதிதான் முளைத்திருக்கிறது.

பேப்பரில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி மட்டம் போடுகிறார்கள்.
எங்கள் சுவரில் சாக்கட்டியால்:
மேசை நாலு. குழி ஒன்பது. வரத்து மழை.

நேற்று நகராட்சியிலிருந்து டெங்கு பார்க்கிற பெண் வந்தாள்.
மேசைக்குள் டார்ச் அடித்தாள்.
புழு இல்லை. துருமருந்தில் எது பிழைக்கும்?
ஆனாலும் எழுத வேண்டுமாம்.
அட்டையில் கேட்டிருந்தது:
கிணறு, தொட்டி, டிரம், இதர.

கொஞ்சநேரம் யோசித்து
இதர என்பதில் டிக் போட்டு
ஆழம் எவ்வளவு அக்கா என்றாள்.
எந்நேரத்து ஆழம் என்று கேட்டேன்.