நண்டும் அதில் சேருமா?

புந்தா அரேனாஸில் காற்று பேயாய் அடிக்கும் நாளில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுகிறார்கள்,
பிடித்துக்கொண்டு நடப்பதற்கு.
வந்த வாரம் அதைப் பார்த்துச் சிரித்தேன்,
ஐடஹோவில் நாம் பார்க்காத காற்றா என்று.
அன்று மாலையே என் தொப்பி நீரிணையைக் கடந்துவிட்டது.

சட்டைப்பையில் கறுப்புப் பட்டை: மூப்பர் தர்குட்.
பத்தொன்பது வயதுப் பையன்களுக்கும் அதே பட்டம்தான்.
அவர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறார்கள்.
நான் அவர்கள் அறைக்குப் போய்
அடைத்துக்கொண்ட குழாயைத் தட்டுகிறேன்.
நாற்பத்தோர் ஆண்டு குளிர்பெட்டி பழுதுபார்த்தவனை
எல்லாமே ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் ஊருக்கு அனுப்பியவருக்கு
குறும்பு அதிகம் என்கிறாள் ஆர்டித்.

மகளுக்குப் பிள்ளை பிறந்ததைத் திரையில் பார்த்தோம்.
வாய் திறந்து அழத் தொடங்கிய நொடியில்
படம் உறைந்துபோயிற்று.
உறைந்ததை இளக்கத் தெரிந்த கை
மடியில் சும்மா கிடந்தது.

மூன்றாம் மாதம் மேடையில் ஏற்றிவிட்டார்கள்.
பாவத்துக்கு ஸ்பானிஷில் பெகாதோ.
மீனுக்குப் பெஸ்காதோ.
நடுவில் ஒரு சீறல்தான் வித்தியாசம்.
"ஆண்டவர் நம் மீன்களையெல்லாம் மன்னிக்கிறார்" என்றேன்,
கண் கலங்க.
சபை குலுங்கிற்று. ஆர்டித் பாட்டுப் புத்தகத்துக்குள்
முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.
கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

வாசலில் காத்திருந்தார், எலெயுத்தேரியோ பர்ரியா.
கையில் வலைக்கயிறு அறுத்த வடுக்கள்.
"நண்டும் அதில் சேருமா?" என்று கேட்டார்.
விளையாட்டு என்று நினைத்துத் தோளில் தட்டினேன்.

அடுத்த வாரம் அவர் வீட்டு உறைபெட்டி கெட்டுப்போனது.
அழைத்தார்கள், போனேன்.
அமுக்கி நன்றாகத்தான் இருந்தது, கம்பிதான் கருகியிருந்தது.
மூடியைத் திறந்தபோது, பழைய செய்தித்தாளுக்கு அடியில்
தடைக்காலத்தில் பிடித்த நண்டுகள்,
எல்லாம் பெண், வயிற்றோடு ஒட்டிய முட்டைகளோடு.
அவர் என்னைப் பார்த்தார்.
இங்கே சொல்லவேண்டிய வசனம் ஒன்று உண்டு,
பன்னிரண்டு வயதிலிருந்து எனக்கு மனப்பாடம்,
ஆனால் ஆங்கிலத்தில்.
கம்பியை மாற்றினேன். மூடியை மூடினேன்.
அவர் மனைவி ஊற்றிக்கொடுத்த வெந்நீரைக் குடித்தேன்.
இந்த மொழி வராததற்கு நன்றி சொல்லி
அன்றிரவுதான் முதன்முதலில் ஜெபித்தேன்.

அவர் அதற்குப் பிறகு கோயிலுக்கு வரவில்லை.
நண்டுகளை என்ன செய்தார் என்றும் தெரியாது.
பேசாமல் வந்தது சரியா என்பதுகூட
எனக்கு இன்னும் தெளியவில்லை.

நேற்று மறுபடி கயிறு கட்டினார்கள்.
கம்பங்களுக்கு நடுவே அது நரம்புபோல் அதிர்ந்துகொண்டிருந்தது.
இந்த முனையிலிருந்து நான். அந்த முனையிலிருந்து அவர்.
எதிரெதிரே வந்தால் ஒருவர் கையை விட்டுத்தான் ஆகவேண்டும்.
நீ ஊழியக்காரன், நீதான் விடவேண்டும் என்றது மனம்.
விரல் கேட்கவில்லை.
எழுபத்தொரு வயது விரல், அது
இடுப்பெலும்பைப் பற்றி யோசித்தது.

அவர் விட்டார்.
பையிலிருந்து கையை எடுப்பதுபோல், சர்வ சாதாரணமாக.
என்னைச் சுற்றிக் கையை நீட்டி
முதுகுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.
ஒரு கணம் இருவருக்கும் நடுவில்
ஈரக் கம்பளியும் கடல்வாடையும்.
பிறகு அவர் வழி அவருக்கு.

இன்றிரவு மாத அறிக்கை.
"பாடங்கள் எத்தனை?" என்கிறாள் ஆர்டித், பேனாவைத் திறந்தபடி.
ஒன்று, என்கிறேன்.
"பெயர்?"
அந்தக் கட்டத்தை விட்டுவிடு.
அவள் ஏனென்று கேட்கவில்லை.
ஜன்னல் இடுக்கில் செருகிய துண்டை
இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு
அடுத்த கேள்வியைப் படிக்கிறாள்:
பயணம் செய்த தூரம், கிலோமீட்டரில்.