புருவம் உண்டு, இமை இல்லை

வெள்ளி இரவு ஒன்பது. பிர்னோவில்
என் சூப் ஆறிக்கொண்டிருக்கிறது.
ட்ரோம்சோவில் ஒட்னிக்கு
மூன்று வாரமாக விடியவில்லை.
மொண்டெவிடியோவில் அவுரேலியோவுக்கு மட்டும்
முகமெல்லாம் மாலை வெயில்.

போன வாரப் புதிர்:
‘நாலு நரம்புக்காரி, நடுவில் பிறந்தவள்,
வீட்டில் எல்லாருக்கும் அவள்தான் கேலி.’
வியோலா.
அதை வாசிக்கிற ஒட்னிதான்
கடைசியாகக் கண்டுபிடித்தாள்.

இன்று அவுரேலியோ முறை. செருமிக்கொண்டான்.
‘புருவம் உண்டு, இமை இல்லை.
தாளம் எண்ணுகிறவனை
எண்ணாதே என்னும்.’
சொல்லிவிட்டு, வாய் பாதி திறந்தபடி
அப்படியே நின்றுபோனான்.

இணைப்பு போச்சு, என்றாள் ஒட்னி.

மெட்ரோனோமா?
தூங்கிவிட்ட டிரம்காரனா?
அவள் தாள்களைப் புரட்டுகிறாள்.
நான் திரையைப் பார்க்கிறேன்:
உறைந்த முகத்தில் உயர்ந்த புருவம்,
கீழே ஒற்றைக் கண்;
மற்றதை வெயில் தின்றுவிட்டது.

சுரத்தின் தலைமேல்
கவிழ்ந்த பிறை, அடியில் புள்ளி.
ஃபெர்மாட்டா!
கை இறங்கும்வரை நீட்டு.

கத்தினேன். அவனுக்குக் கேட்டிருக்காது.
துண்டித்துவிட்டு மறுபடி கூப்பிடட்டுமா?

இரு, என்றாள் ஒட்னி,
அவன் இன்னும் கையை இறக்கவில்லை.

சூப்பில் ஆடை கட்டிவிட்டது.