எடைமேடைச் சுவர்

வேலந்தாவளத்தில், சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம்,
எடைமேடையில் எனக்கு இரவு வேலை.
லாரி ஏறும்.
சிவப்பு எண்கள் துடித்துத் துடித்து ஓரிடத்தில் நிற்கும்.
ரசீதைக் கிழித்து நீட்டுவேன்.
இரண்டு லாரிகளுக்கு நடுவில்
எனக்கு எழுத ஆசை வந்தது.

முதல் தாளை நாலு முறை படியெடுத்தேன்.
'மானுட வாழ்வெனும் மாபெரும் பயணத்தில்'
என்று தொடங்கியது அது.
மூன்றாம் பத்தியில்தான் லாரியே வரும்.
ஜன்னலுக்கு வெளியே, சுவரில், கோந்து தடவி ஒட்டிவிட்டு
எண்களைப் பார்ப்பதுபோல்
படிக்கிறவர்களைப் பார்த்தேன்.

ஒருத்தரும் இல்லை.
தக்காளி ஏற்றி வந்த ஆறுச்சாமி
கீழ்மூலையைக் கிழித்து
டீக்கடை அடுப்பில் காட்டி
பீடி பற்றவைத்தார்.
திட்டவில்லை, பாராட்டவில்லை.
காகிதம் நன்றாகவே எரிந்தது.

அப்புறம்தான் வரிசையைக் கவனித்தேன்.
ஏழு வண்டி நின்றால் ஓர் ஆளுக்குக் கால் மணி நேரம்.
ஒரு கையில் டீ,
கண்ணில் பொள்ளாச்சியிலிருந்தே தூக்கம்,
கணவாய்க் காற்றில் படபடக்கிற என் தாள்,
அதன்மேல் டியூப்லைட்டுக்கு வந்த பூச்சிகள்.
மாபெரும் பயணம் நான் கிளம்புவதற்குள்
அவர் மேடை ஏறிப் போய்விடுகிறார்.

அடுத்த தாளுக்குத் தலைப்பு:
'ஒழலப்பதி வளைவில் விளக்கு எரியவில்லை.'
கீழே ஆறே வரி.
எந்தத் தென்னைக்கு நேராகப் பள்ளம்,
எந்தப் பக்கம் ஒதுங்கினால் டயர் பிழைக்கும்.
எட்டுப் பேர் படித்தார்கள்.
கோழி வண்டி சுதீரன் தமிழ் எழுத்துக்கூட்டத் தெரியாமல்
"எந்தா சேச்சி அது?" என்றான்.
வாய்விட்டுப் படித்துக் காட்டினேன்.
நாக்கில் இடறிய இரண்டு சொல்லை
அங்கேயே அடித்தேன்.

மூன்றாவதில் கெட்டேன்.
எட்டுப் பேர் தலைக்கேறி,
கள்ளு வண்டிகளைப் பற்றிக் கேட்டதையெல்லாம்
கண்டதுபோல் எழுதினேன்.
மறுநாள் தாளின் ஓரத்தில், பச்சை மையில்,
மலையாளத்தில் ஒற்றை வரி.
சுதீரன் சிரிக்காமல் சொன்னான்:
"இதை எழுதியவன் ஒருநாளாவது
கள்ளு வண்டியில் ஏறியிருக்கிறானா?"

எழுதியவள்.
ஏறியதில்லை.

நாலாவது தாள் இப்படித் தொடங்கியது:
'போன வாரம் எழுதியது தப்பு. நான் பார்க்கவில்லை.'
வெட்கமாகத்தான் இருந்தது.
அதைத்தான் அதிகம் பேர் நின்று படித்தார்கள்.

வெற்று வண்டியை முதலில் நிறுத்துங்க,
சரக்கோடு மறுபடி நிறுத்துங்க,
கழித்து வருவதுதானுங்க சரக்கு
என்று நாளுக்கு நூறு பேருக்குச் சொல்கிறவள் நான்.
ஒரு மழை ராத்திரி, வண்டி வராத மூன்று மணிக்கு,
கரிந்த மூலையோடு கிடந்த முதல் தாளை எடுத்தேன்.
மானுடம் போனது.
மாபெரும் போனது.
பயணத்தையும் அடித்தேன்.
எண்கள் இறங்கி இறங்கி
கடைசியில் ஒரு ஆள் நின்றார்:
வைக்கோல் லாரிக்காரர்,
மகளுக்கு வாங்கிய கண்ணாடி வளையல் உடையாமலிருக்க
சட்டைக்குள், வயிற்றோடு, துண்டால் கட்டி வந்தவர்.
கையெழுத்துப் போடக் குனிந்தபோது
கிணுங்கினார்.

இவரையா மூன்றாம் பத்திக்குப் பின்னால்
ஒளித்து வைத்திருந்தேன்?

அவரை முதல் வரியில் நிறுத்தி
மறுபடி எழுதி ஒட்டினேன்.
எல்லா வாரமும் இப்படி அமைவதில்லை.
சில வாரம் பள்ளம் மட்டும்தான்.
சில வாரம் பள்ளமும் இல்லை,
பழைய தாளே மங்கிக்கொண்டு நிற்கும்,
"என்னுங்க, புதுசு இல்லீங்களா?" என்று
யாராவது ஜன்னலைத் தட்டுவார்கள்.

ஆறுச்சாமி நேற்றும் வந்தார்.
பீடியை உதட்டில் வைத்துக்கொண்டு
முழுக்கப் படித்தார்.
பிறகு எழுத்தில்லாத ஓரமாய்ப் பார்த்துக்
கிழித்தார்.

இப்போதெல்லாம் நானே
கீழே இரண்டு விரல் இடம் விட்டுத்தான்
எழுதுகிறேன்.